எலெக்ட்ரிக் காருக்கு பிரேக் பார்ட்ஸ் மாத்தணுமா? காசு மிச்சமாகும் வழி எது, ஆபத்தில் தள்ளும் வழி எது? முழு விவரம்

மூணே விநாடியில் மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொடும் எலெக்ட்ரிக் கார். வாங்கும்போது எல்லாரும் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்? எத்தனை கிலோமீட்டர் ரேஞ்ச்?" என்பதுதான். "இதை நிறுத்த என்ன செலவாகும்?" என்று யாரும் கேட்பதில்லை. சில வருடம் கழித்து சர்வீஸ் சென்டர் நீட்டும் பிரேக் எஸ்டிமேட்டைப் பார்க்கும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது.

அமெரிக்காவில் இப்போது இந்தக் கேள்வி அதிகமாக எழுகிறது. அங்கே பழைய எலெக்ட்ரிக் கார்களின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் எட்டாக்கனியாக இருந்த வேகமான மாடல்களை நடுத்தரக் குடும்பங்களும் செகண்ட் ஹேண்டில் வாங்குகின்றன. ஆனால் கார் விலை பாதியாகிவிட்டது என்பதற்காக அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை பாதியாவதில்லை.

அப்படியானால் குறைந்த செலவில் நல்ல பிரேக் பார்ட்ஸ் கிடைக்குமா? கிடைக்கும். ஆனால் "எது மலிவு?" என்று தேட ஆரம்பித்தால் தப்பு. "எது சரியானது, அதை உண்மையில் தயாரிப்பது யார்?" என்று தேட வேண்டும். அமெரிக்காவில் அதிகம் புழங்கும் டெஸ்லா மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் காரை உதாரணமாக வைத்து இதைப் பார்க்கலாம்.

இந்த கார் பிரேக்கில் என்ன ஸ்பெஷல்?

மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் 2018-ல் வந்தது. எடை சுமார் 1,840 கிலோ. டிரைவர் ஏறினால் 1,900 கிலோவைத் தாண்டிவிடும்.

சாதாரண மாடல் 3-ல் முன் சக்கர டிஸ்க்கின் விட்டம் 320 மி.மீ. பெர்ஃபார்மன்ஸில் 355 மி.மீ. பின்பக்கம் இரண்டிலும் 335 மி.மீ. முன்பக்கம் நான்கு பிஸ்டன் கொண்ட, சிவப்பு பெயின்ட் அடித்த பிரெம்போ காலிப்பர்.

டிஸ்க் ஏன் பெரிதாக இருக்க வேண்டும்? காரணம் சூடு. பிரேக் போடும்போது காரின் வேகம் காணாமல் போவதில்லை, சூடாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 1,900 கிலோ காரை மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் இருந்து ஒரே அழுத்தில் நிறுத்தினால் வெளியாகும் சக்தி, 30 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதையும் சில விநாடிக்குள் டிஸ்க்கும் பேடும் தாங்க வேண்டும்.

அதனால்தான் இந்த காருக்கு "ஏதோ ஒரு பேட்" போட முடியாது.

மோட்டாரே பிரேக் போடுதே, பேட் எப்படிக் கெட்டுப்போகும்?

எலெக்ட்ரிக் காரில் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி காரின் வேகத்தைக் குறைக்கும். கிடைக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். இதுதான் ரீஜென் பிரேக்கிங். டவுன் டிரைவிங்கில் பெரும்பாலான வேலையை இதுவே செய்துவிடுகிறது. டெய்கான் காரில் அன்றாட பிரேக்கிங்கில் சுமார் 90 சதவீதம் ஹைட்ராலிக் பிரேக்கைத் தொடாமலே நடப்பதாக போர்ஷே நிறுவனம் சொல்கிறது.

அப்போ பேட் தேயவே தேயாதே? பாதி உண்மை. தேய்மானம் குறைவுதான். ஆனால் பயன்படுத்தாத இரும்பு என்ன ஆகும்? துருப்பிடிக்கும்.

பெட்ரோல் காரில் அடிக்கடி பிரேக் போடுவதால் டிஸ்க் மேல் படியும் துரு அன்றன்றைக்கே உரசி வெளியேறிவிடும். எலெக்ட்ரிக் காரில் அந்த உரசல் நடப்பதே அபூர்வம். மழை, பனி, சாலையில் தூவும் உப்பு எல்லாம் சேர்ந்து டிஸ்க்கில் குழி விழவைக்கும். காலிப்பரின் பின்கள் இறுகிக்கொள்ளும். பேடின் பின்னால் உள்ள இரும்புத் தகடு துருப்பிடித்து வீங்கினால் உராய்வுப் பகுதியே தகட்டில் இருந்து கழன்று வரலாம். பேட் கனமாகத்தான் இருக்கும், ஆனால் உபயோகப்படாது.

இதனால்தான் பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர்களில் வருடத்துக்கு ஒரு முறை அல்லது 12,500 மைலுக்கு ஒரு முறை காலிப்பரைச் சுத்தம் செய்து கிரீஸ் போட வேண்டும் என்கிறது டெஸ்லா. டெய்கான் காருக்கு பேட் தேயாவிட்டாலும் 6 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறது போர்ஷே. ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களில் பின்சக்கரங்களுக்கு டிஸ்க்கே இல்லை, பழைய பாணி டிரம் பிரேக்தான். மூடிய டிரம்முக்குள் துரு சீக்கிரம் ஏறாது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதே நேரம், ரீஜென் எப்போதும் கைகொடுக்காது. பேட்டரி ஃபுல்லாக இருந்தாலோ, கடும் குளிரில் இருந்தாலோ திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க அதற்கு இடமிருக்காது. அதிவேகத்தில் திடீரென நிறுத்தும்போது தேவைப்படும் பவர் ஒரு மெகாவாட்டைக்கூடத் தொடலாம். மோட்டாரால் அதில் சிறு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். மிச்சம் முழுக்க பேடும் டிஸ்க்கும்தான். அவசரத்துக்கு உதவ வேண்டிய பொருள் வருடக்கணக்கில் சும்மா கிடந்து துருப்பிடிக்கிறது என்பதுதான் இங்கே உள்ள ஆபத்து.

முதலில், மாற்றத்தான் வேண்டுமா?

பார்ட்ஸ் தேடும் முன் இந்தக் கேள்விக்கு விடை தெரிய வேண்டும். மாற்றத் தேவையில்லாத பார்ட்டை மாற்றாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய சேமிப்பு.

• டிஸ்க் மேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய துரு மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், ரீஜென் அளவைக் குறைக்கும் வசதி இருந்தால் குறைத்து வைத்துவிட்டு, மிதமான வேகத்தில் இருந்து நாலைந்து தடவை அழுத்தமாக பிரேக் பிடித்தால் போய்விடும்.

• பேட்டரி ஃபுல்லாக இருக்கும்போது கிளம்பினால் ரீஜென் குறைவாகவே இருக்கும். அப்போது பிரேக் பெடலைப் பயன்படுத்தி ஓட்டினாலும் டிஸ்க் சுத்தமாகும்.

• டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் குழியோ, ஆழமான கோடுகளோ, விரிசலோ இருந்தால் மாற்ற வேண்டியதுதான்.

• ஒவ்வொரு டிஸ்க்கிலும் இருக்க வேண்டிய குறைந்தபட்ச கனம் மி.மீ. கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். கேலிப்பர் ஸ்கேலோ மைக்ரோமீட்டரோ வைத்து அளந்தால் இரண்டே நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் பேச்சே கிடையாது, மாற்றிவிட வேண்டும்.

• பிரேக் போடும்போது கார் ஒரு பக்கமாக இழுத்தாலோ, ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடானாலோ கோளாறு பேடில் இல்லாமல் இறுகிய காலிப்பர் பின்னில் இருக்கலாம். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தாலே சரியாகிவிட வாய்ப்புண்டு.

"நான்கு டிஸ்க், நான்கு செட் பேட் எல்லாம் மாத்தணும்" என்று எஸ்டிமேட் வந்தால், ஒவ்வொரு டிஸ்க்கின் கனமும் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. கழற்றிய பழைய பேடையும் காட்டச் சொல்லலாம்.

பார்ட்ஸை உண்மையில் தயாரிப்பது யார்?

விலை விஷயத்தில் அதிகம் பேருக்குத் தெரியாத இடம் இதுதான். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பிரேக்கைச் சொந்தமாகத் தயாரிப்பதில்லை. அதற்கென்றே தனி நிறுவனங்கள் இருக்கின்றன. நம்ம ஊரிலேயே சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கி இன்றுவரை பல கம்பெனிகளுக்கு பிரேக் செய்து கொடுக்கிறது.

மாடல் 3-ன் முன் காலிப்பரைச் செய்வது இத்தாலியின் பிரெம்போ. 1961-ல் பெர்கமோ நகரம் பக்கத்தில் ஒரு சின்ன பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் இது. கேடிஎம் டியூக் பைக்கிலும், ஓசூரில் டிவிஎஸ் தயாரித்த பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் பைக்கிலும் காலிப்பர் மேல் "பைப்ரே" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அதுவும் பிரெம்போவின் பிராண்டுதான்.

ஆக, சந்தையில் கிடைப்பதை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை: கார் கம்பெனியின் பெட்டியில், அதன் பெயரோடு வருவது. பொருந்துமா என்ற சந்தேகமே வேண்டாம். பெரும்பாலும் விலையும் இதற்குத்தான் அதிகம்.

இரண்டாம் வகை: கார் கம்பெனிக்கு பார்ட்ஸ் சப்ளை செய்யும் நிறுவனமோ, அதே தரத்தில் உள்ள இன்னொரு பிரேக் நிறுவனமோ தன் சொந்தப் பெட்டியில் விற்பது. பிரெம்போ, ஃபெரோடோ போன்ற பெயர்கள் இதில் வரும். மிச்சம் பிடிக்க நினைப்பவர் முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாம் வகை: பெயர் தெரியாத பிராண்டுகள். ஆன்லைனில் "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று விற்பவை. விலையைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் யார் செய்தது, எங்கே சோதித்தது என்று தெரியாத பொருளை நம்பி 1,900 கிலோ காரை ஓட்ட முடியாது.

சரியான பார்ட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

"மாடல் 3 பிரேக் பேட்" என்று தேடி, வரும் முதல் பொருளை ஆர்டர் போட்டால் ஏமாற வாய்ப்பு அதிகம். காரணம், ஒரே பெயரில் ஓடும் கார்களிலேயே பிரேக் மாறும்.

சிவப்பு கலரை நம்ப வேண்டாம். சாதாரண மாடல் 3-ன் காலிப்பர் மேல் மாட்டிக்கொள்ள சிவப்பு மூடிகள் தாராளமாக விற்கின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் இருப்பது மூடியா, நிஜ காலிப்பரா என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

"பெர்ஃபார்மன்ஸ்" என்ற பெயரையும் நம்ப வேண்டாம். ஆரம்ப வருடங்களில் பெர்ஃபார்மன்ஸ் மோட்டாரோடு, ஆனால் பெரிய பிரேக் இல்லாமல் 18 இன்ச் வீலோடும் சில கார்கள் விற்கப்பட்டன. அதில் முன் டிஸ்க் 320 மி.மீ.தான். 355 மி.மீ. டிஸ்க் வாங்கி வந்தால் மாட்டவே முடியாது.

டிஸ்க்கின் நடுப்பகுதியைக் கவனிக்க வேண்டும். பெரிய பிரேக் உள்ள சில வருட மாடல்களில், வீல் உட்காரும் இடத்தில் டிஸ்க்கில் ஒரு சிறு விளிம்பு உண்டு. அந்த காரின் 20 இன்ச் வீல் அதற்கு ஏற்றபடி குடையப்பட்டது. வேறு வீல் போட்டிருப்பவர்களுக்கு இந்த விளிம்பு இடிக்கும், வீல் முழுதாகப் பதியாது. முழுதாகப் பதியாத வீல் ஓட்டத்தில் கழன்றுகொள்ளவும் கூடும். விளிம்பு உள்ள டிஸ்க் வேண்டுமா, இல்லாதது வேண்டுமா என்பதை காரில் இப்போது இருக்கும் வீலை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

சரி, எப்படித் தேடுவது? வரிசையாக இப்படிச் செய்யலாம்:

1. காரின் வின் நம்பரை எடுத்துக்கொள்ளவும். விண்ட்ஷீல்டின் கீழ் ஓரத்தில் 17 எழுத்துகளில் இருக்கும்.

2. டெஸ்லாவின் பார்ட்ஸ் கேட்டலாக் இணையத்தில் திறந்தே இருக்கிறது. அதில் தன் கார் மாடலுக்கும் வருடத்துக்கும் உரிய பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளவும்.

3. அந்த நம்பரை வைத்து, பிரேக் நிறுவனங்களின் கேட்டலாக்கில் அதற்கு ஈடான பார்ட் எது என்று பார்க்கவும்.

4. பேடுக்கு இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவில் ஒவ்வொரு பேட் வடிவத்துக்கும் "டி" என்ற எழுத்தில் தொடங்கும் எஃப்எம்எஸ்ஐ எண் இருக்கும். ஐரோப்பாவில் அதையே டபிள்யூவிஏ எண் என்ற பெயரில் ஐந்து இலக்கத்தில் போடுகிறார்கள். ஒரே வடிவ பேட் பல கம்பெனி கார்களுக்குப் பொருந்தும். கார் பெயரை விட்டுவிட்டு இந்த எண்ணை வைத்துத் தேடினால் கடைகளும் அதிகம் கிடைக்கும், விலையும் இறங்கும்.

5. ஆர்டர் போடும் முன் டிஸ்க்கின் விட்டம், கனம், வீல் போல்ட் துளை எண்ணிக்கை, நடு ஓட்டையின் அளவு என நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கவும்.

6. கூடவே வரும் சின்னச் சின்ன பொருட்களை மறக்கக் கூடாது. பின், கிளிப், ஸ்பிரிங் எல்லாம் சேர்ந்த ஹார்டுவேர் கிட் தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளவும். பேடை மட்டும் மாற்றி பழைய துருப்பிடித்த கிளிப்பையே மாட்டினால் சத்தமும் இறுக்கமும் மறுபடி வரும்.

இன்னொரு விஷயம், டிஸ்க் ஒன்று சுமார் 10 கிலோ எடை வரும். ஆன்லைன் விலையைப் பார்த்து சந்தோஷப்படும் முன் டெலிவரி சார்ஜையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சில நேரம் பக்கத்துக் கடையே மலிவாக முடியும்.

பேட் ஓரத்தில் இருக்கும் எழுத்துகளுக்கு என்ன அர்த்தம்?

அமெரிக்காவில் விற்கும் பேடின் ஓரத்திலோ பின்புறத்திலோ எழுத்துகளும் எண்களும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம்.

• "எஃப்எஃப்", "ஜிஜி" போல இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் பேடின் பிடிப்பு, இரண்டாவது நன்றாகச் சூடான பிறகு உள்ள பிடிப்பு. "இ" என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35 வரை, "எஃப்" என்றால் 0.35 முதல் 0.45 வரை, "ஜி" என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இறங்கியிருந்தால், சூடு ஏற ஏற பிடிப்பு குறையும் என்று அர்த்தம். வேகமான காருக்கு அது நல்லதல்ல. ஆனால் இந்த எழுத்துகள் பேடின் ஆயுளையோ மொத்தத் தரத்தையோ சொல்வதில்லை.

• ஒன்று, இரண்டு அல்லது மூன்று இலைகள் கொண்ட அடையாளம் இருந்தால் அது சுற்றுச்சூழல் விதி தொடர்பானது. பேட் தேயும்போது வெளியாகும் செம்புத் தூள் மழைநீரோடு ஆற்றில் கலந்து சால்மன் மீன்களைப் பாதிக்கிறது என்பதால் கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாகாணங்கள் சட்டம் போட்டன. 2025 முதல் பேடில் செம்பு 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று இலை போட்ட பேட் அந்த விதிக்கு உட்பட்டது.

• ஐரோப்பாவில் விற்கும் மாற்று பேடில் வட்டத்துக்குள் ஆங்கில "இ" எழுத்தும் அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்க வேண்டும். ஆர்90 விதிப்படி அதன் செயல்திறன் ஒரிஜினல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. மாற்று பேட் வாங்குவோருக்கு இது நல்ல ஆதாரம்.

இந்த மாதிரி எந்த எழுத்துமே இல்லாத வழுவழு பேட் வந்தால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

எலெக்ட்ரிக் காருக்கு வாங்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பின் தகடு வெறும் பெயின்ட் அடித்ததா, துத்தநாகப் பூச்சு கொண்ட கால்வனைஸ் தகடா? தேய்மானத்தைவிட துருவே எதிரி என்பதால், கால்வனைஸ் தகடு உள்ள பேடுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை. டிஸ்க்கிலும் உரசாத பகுதிகளில் துரு எதிர்ப்புப் பூச்சு உள்ளதை வாங்குவது நல்லது.

ரேஸ் பேட் போட்டா சூப்பரா நிக்குமா?

வேகமான கார் வைத்திருக்கும் பலர் விழும் பள்ளம் இது. ரேஸ் டிராக்குக்கான பேட் நன்றாகச் சூடானால்தான் முழுதாகப் பிடிக்கும். டிராக்கில் அடுத்தடுத்து பிரேக் போடுவதால் அந்தச் சூடு தானாக வந்துவிடும்.

சாலையில் ஓடும் எலெக்ட்ரிக் காரில் நிலைமை நேர் எதிர். பாதி வேலையை மோட்டார் பார்த்துவிடுவதால் பேட் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். திடீரென ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால் முதல் அழுத்திலேயே பிடிக்க வேண்டும். குளிர்ந்த ரேஸ் பேடால் அது முடியாது. அதோடு சத்தம், தூசி, டிஸ்க் சீக்கிரம் தேய்வது எல்லாம் கூடுதல் தலைவலி.

டிராக்குக்குப் போகாதவர்களுக்கு, நல்ல நிறுவனத்தின் சாலைக்கான பேடே போதும். எப்போதாவது டிராக் போகிறவர்கள் அதற்கென்று தனி செட் பேட் வைத்துக்கொண்டு மாற்றிக்கொள்ளலாம்.

பழைய பார்ட்ஸ் வாங்கலாமா?

சிலவற்றை வாங்கலாம். அமெரிக்காவில் விபத்தில் சிக்கி இன்ஷூரன்ஸ் கம்பெனி "தேறாது" என்று ஒதுக்கிய கார்கள் சால்வேஜ் யார்டுக்குப் போகின்றன. அங்கே பார்ட்ஸைத் தனித்தனியாக விற்கிறார்கள். பெரிய பிரேக்குக்கு மாறும் டிராக் பிரியர்கள், அதிகம் ஓடாத ஒரிஜினல் செட்டைக் கழற்றி விற்பதும் உண்டு.

• காலிப்பர்: வாங்கலாம். பிஸ்டன் சுலபமாக நகர்கிறதா, ரப்பர் சீல் கிழியாமல் இருக்கிறதா, பிரேக் ஆயில் கசிந்த தடம் உண்டா என்று பார்க்க வேண்டும். புது சீல் கிட் போட்டு மாட்டுவது நல்லது.

• டிஸ்க்: கனம் அளந்து பார்த்து, விரிசல் இல்லையென்றால் மட்டும்.

• பேட்: வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே எவ்வளவு சூடு தாங்கியது, தகடு உள்ளே துருப்பிடித்ததா என்பது வெளியே தெரியாது.

• ரப்பர் ஹோஸ்: எத்தனை வருடப் பழசு என்று தெரியாததை வாங்கக் கூடாது.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பெயர் பெற்ற பிராண்டுகளுக்குத்தான் டூப்ளிகேட் அதிகம். மற்ற எல்லாக் கடையிலும் ஒரு விலை இருக்க, ஒரே ஒரு கடையில் பாதி விலை என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. பெட்டியில் எழுத்துப் பிழை, பெட்டியிலும் பேடிலும் வேறு வேறு பார்ட் நம்பர், பேட்ச் நம்பர் இல்லாதது, சீல் உடைந்திருப்பது ஆகியவை மற்ற அடையாளங்கள். பிரெம்போ தன் உயர்ரக பிரேக் கிட்டுகளோடு ஒரு கார்டு தருகிறது. அதில் உள்ள கோடை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் ஒரிஜினலா என்று தெரிந்துவிடும்.

ஆன்லைன் சந்தைகளில் வாங்கினால் தளத்தின் பெயரைப் பார்த்தால் போதாது. அதில் விற்பது யார் என்றும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் தன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர் பட்டியலை வெளியிட்டிருந்தால் அதில் உள்ளவரிடம் வாங்குவதே பாதுகாப்பு.

வீட்டிலேயே மாற்றலாமா?

லேபர் சார்ஜ் மிச்சமாகும் என்பதால் அமெரிக்காவில் பலர் வீட்டு கராஜிலேயே பேட் மாற்றுகிறார்கள். டெஸ்லாவின் சர்வீஸ் மேனுவலும் இணையத்தில் படிக்கக் கிடைக்கிறது. ஆனால் பழகியவர்கள் மட்டும் இறங்க வேண்டிய வேலை இது. காரணங்கள்:

• தரைக்கு அடியில் முழுக்க பேட்டரி. ஜாக்கியைக் குறிப்பிட்ட நான்கு இடங்களில், அதற்கான ரப்பர் பேட் வைத்துத்தான் தூக்க வேண்டும். இடம் மாறினால் பேட்டரியில் அடிபடும். அந்தச் செலவுக்கு முன்னால் பிரேக் செலவு ஒன்றுமே இல்லை.

• பின் காலிப்பரில் ஹேண்ட் பிரேக் மோட்டார் இருக்கிறது. பிஸ்டனை அப்படியே நெம்பித் தள்ளக் கூடாது. காரின் திரையில் சர்வீஸ் மோடுக்குப் போய் மோட்டாரை விலக்கிய பிறகே பேடைக் கழற்ற வேண்டும்.

• வீல் நட்டை 175 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்க வேண்டும். "கை இறுக்கம்" போதாது.

• பிரேக் ஆயில் மாற்றினால் மூடியில் எழுதியுள்ள கிரேடு மட்டுமே ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கான் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

• புது பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். தயாரிப்பாளர் சொன்னபடி, மிதமான வேகத்தில் இருந்து பல முறை பிரேக் போட்டு, இடையில் ஆறவிட வேண்டும். ரீஜென் முழுதாக இருந்தால் இது நடக்கவே நடக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நம்பிக்கை இல்லாதவர்கள் பார்ட்ஸைத் தாங்களே வாங்கிக்கொண்டு, எலெக்ட்ரிக் கார் வேலை தெரிந்த தனியார் மெக்கானிக்கிடம் மாட்டச் சொல்லலாம். நாம் வாங்கி வந்த பார்ட்ஸுக்கு அவர் கேரண்டி தருவாரா என்பதை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

வெளியில் வாங்கி மாட்டினால் வாரண்டி போய்விடுமா?

அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னுசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, வெளி நிறுவன பார்ட் போட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அந்த பார்ட்டால்தான் கோளாறு வந்தது என்பதை நிறுவனம் காட்ட வேண்டும். அதனால் பில், பார்ட் நம்பர், மாற்றிய தேதி, அப்போது ஓடியிருந்த மைல் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

இன்னும் காஸ்ட்லியான கார் என்றால்?

மாடல் 3 பெர்ஃபார்மன்ஸில் இருப்பது வார்ப்பிரும்பு டிஸ்க் என்பதால் மாற்று கிடைக்கிறது. கார்பன் செராமிக் டிஸ்க் என்றால் கதையே வேறு. டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டு காருக்கு வந்த கார்பன் செராமிக் பிரேக் கிட்டின் விலை 2021-ல் 20,000 டாலராக இருந்தது. இந்த ரக டிஸ்க்குக்கு மலிவான மாற்று என்பதே அரிது. இரும்பு டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்பவர்களும் உண்டு.

பழைய டெய்கான் வாங்கப் போகிறவர்கள் காலிப்பர் கலரைப் பார்த்தே செலவைக் கணிக்கலாம். வெள்ளை என்றால் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு கொண்ட டிஸ்க், மஞ்சள் என்றால் செராமிக். ஆனால் கலரை யாரும் மாற்றி அடிக்கலாம் என்பதால் வின் நம்பரை வைத்து உறுதி செய்துகொள்வது நல்லது.

இந்தியாவில் என்ன நிலைமை?

2025 ஜூலையில் மும்பையில் ஷோரூம் திறந்த டெஸ்லா, இங்கே மாடல் ஒய் காரோடுதான் தொடங்கியது. ஆனால் வேகமான எலெக்ட்ரிக் கார்கள் இங்கேயும் வந்துவிட்டன. 2024 மார்ச்சில் வந்த பிஒய்டி சீல் பெர்ஃபார்மன்ஸ் 3.8 விநாடியில் 100 கி.மீ. வேகத்தைத் தொடும். இன்று புதிதாக வாங்கும் இந்த கார்கள் நாளை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வரும்போது அமெரிக்காவில் எழும் அதே கேள்வி இங்கேயும் எழும். அப்போதும் வழி இதுதான்: வின் நம்பர், பார்ட் நம்பர், தயாரிப்பாளர் பெயர். மழைக்காலமும் கடற்கரை உப்புக்காற்றும் உள்ள சென்னை போன்ற ஊர்களில் துரு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை.

சுருக்கமாக...

மிச்சம் பிடிக்கக்கூடிய இடங்கள்: தேவையில்லாத டிஸ்க் மாற்றம், கார் கம்பெனி பெட்டிக்குக் கொடுக்கும் கூடுதல் விலை, லேபர், நல்ல நிலையில் உள்ள பழைய காலிப்பர்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடங்கள்: பேடின் தரம், டிஸ்க்கின் கனம், பிரேக் ஆயில், ரப்பர் ஹோஸ், வருடாந்திர சுத்தம்.

வருடத்துக்கு ஒரு முறை காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆகும் செலவு, நான்கு டிஸ்க் மாற்றும் செலவுக்கு முன்னால் ரொம்பச் சின்னது. எலெக்ட்ரிக் காரின் பிரேக்கைப் பெரும்பாலான நாட்களில் தொடவே வேண்டியிருக்காது. தொட வேண்டிய அந்த ஒரு நாளில் அது பிடித்தே ஆக வேண்டும்.